மாமி வீட்டு மீற்றரிலை கை வைக்க முதல்

தம்பி,

இதை உனக்கு வொய்ஸ் மெசேஜாத்தான் அனுப்ப வெளிக்கிட்டனான். ஒன்பது நிமிசம் கதைச்சுப்போட்டுத் திருப்பிக் கேட்டுப் பாத்தா, நான் இன்னும் விசயத்துக்கே வரேல்லை. அழிச்சுப்போட்டன். நீ அடுத்த அறையிலைதான் இருக்கிறாய், சிநேகிதங்களோடை பட்டுவேட்டி உடுத்திப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு. எழும்பி வந்து நேரை சொல்லலாம். நேரை சொல்லத் தொடங்கினா நீ "ஓம் அம்மா, தெரியும் அம்மா" எண்டுவாய், நானும் பாதியிலை விட்டிடுவன். அதாலை எழுதுறன். எழுதி முடிச்சாப் பிறகு எங்கடை மின்சாரக் கார்க்காரற்றை பேஸ்புக் குழுவிலையும் போடப்போறன், இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு கத்தாதை. கார் ஒண்டை வாங்கி வைச்சுக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குக் குடிபோற பெடியள் அதுக்குள்ளை உன்னை மாதிரிக் கனபேர் இருக்கிறாங்கள். ஒருத்தனாவது நான் விட்ட பிழையை விடாமல் இருக்கட்டும்.

விசயம் இதுதான். போன கிழமை தாலிக்குப் பொன்னுருக்கிற சடங்கு முடிஞ்சுது. இனித் தாலி கட்டுற வரைக்கும் நீ நிறோஜாவைப் பாக்கக்கூடாது, அரியாலைப் பக்கம் போகக்கூடாது. அதாலை நேற்று நான் பலகாரம் கொண்டு வெளிக்கிடேக்கை ஒரு போமை என்ரை கையிலை திணிச்சாய். நேரத்துக்கு ஒரு விலை போடுற கறண்ட் மீற்றருக்கு மாறுறதுக்கான விண்ணப்பம். எல்லாம் வடிவா நிரப்பி, நிறோஜாவின்ரை அம்மா, உன்ரை மாமி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்திலை பென்சிலாலை ஒரு சின்னப் புள்ளடியும் போட்டிருந்தாய். "மாமியிட்டை ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ அம்மா. நான் அங்கை போற நேரம் மீற்றர் றெடியா இருக்கும்" எண்டாய். நான் போனன், பலகாரத்தைக் குடுத்தன், ரெண்டு மணித்தியாலம் இருந்தன், தேத்தண்ணி குடிச்சன், வந்திட்டன். போம் அப்பிடியே என்ரை பையிலை கிடக்குது. "வாங்கினீங்களோ" எண்டு நீ கேக்க, "மறந்துபோனன்" எண்டன். நான் மறக்கேல்லை. இந்த விசயத்திலை நான் எதையாவது மறந்து நீ பாத்திருக்கிறியோ?

உனக்குத் தெரியும்தானே, இந்த உரும்பிராயிலை மின்சாரக் காருக்கு விசர் பிடிச்ச முதல் ஆள் நான்தான். வேறை ஆரும் இருந்தா வந்து கொமென்றிலை சொல்லட்டும். பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்க ஒரு வாகனம் வேணும் எண்டு தேடப்போய், ஒரு வெளிநாட்டுக்காரன் இங்கிலீசிலை பற்றரியைப் பற்றிக் கதைக்கிற வீடியோ ஒண்டிலை மாட்டுப்பட்டன். அவன் சொன்னது பாதி விளங்கேல்லை. நிப்பாட்டி நிப்பாட்டி, சொல்லுச் சொல்லாத் தேடிப் பாத்தன். நாலு மாசம். குசினியிலை போனைச் சீனிப் போத்திலிலை சாய்ச்சு வைச்சுப் பாத்தன். கடைசியிலை வாங்கினது பழைய கார்தான், பற்றரி கொஞ்சம் களைச்சதுதான். எண்டாலும் முதல் நாள் அது சத்தமே இல்லாமல் ஒழுங்கையாலை வரேக்கை, முன்வீட்டு நாய் பேசாமல் படுத்திருந்து பாத்ததே, அதை நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருது. நீயும் அந்தக் காரிலை ஏறி ஏறித்தானே உனக்கெண்டு ஒண்டு வாங்கினனி. அதுக்கு எனக்குச் சரியான சந்தோசம். பிள்ளையளுக்குத் தாய்மாற்றை மூக்கு வரும், கோவம் வரும். உனக்கு என்ரை பைத்தியம் வந்திருக்கு.

முதலிலை கணக்கை விளங்கிக்கொள். நீ விளங்கினமாதிரித்தான் கதைக்கிறாய், ஆனா பாதியைத்தான் விளங்கியிருக்கிறாய். பழைய மீற்றருக்கு நேரம் தெரியாது. நீ நடுச்சாமத்திலை ஓடினாலும் மத்தியானத்திலை ஓடினாலும் அதுக்கு ஒண்டுதான். எத்தினை யூனிட் எண்டு மட்டும் பாக்கும். யூனிட் கூடக் கூடப் படி ஏறும், மேல்படியிலை ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூட. புது மீற்றர் வேறை மாதிரி, அது எப்ப எண்டு கேக்கும். விடிய அஞ்சரையிலை இருந்து பின்னேரம் ஆறரை வரைக்கும் பகல் விலை. ஆறரையிலை இருந்து பத்தரை வரைக்கும் உச்ச விலை, அந்த நேரம் முழு இலங்கையும் ஒரேயடியா லைற்றைப் போட்டு, ரீவியைப் போட்டு, சோறு கறி சூடாக்கும். பத்தரைக்குப் பிறகு விடிய அஞ்சரை வரைக்கும் ஆகக் குறைஞ்ச விலை. மூண்டு பேஸ் கறண்ட் இருந்தாத்தான் இந்த மீற்றர் தருவினம் எண்டு எனக்குச் சொன்னவை. விலையும் அடிக்கடி மாறும், நீ பாத்த வீடியோவை நம்பாமல் கறண்ட் கந்தோரிலை போய்க் கேள். இவ்வளவும் உனக்குத் தெரியும். பத்தரைக்குப் பிறகு காரைச் சார்ஜிலை கொளுவினா இலாபம், அதுவும் தெரியும்.

உனக்குத் தெரியாதது, நான் அடிபட்டுப் பழகினது: அந்த மீற்றர் காருக்கு மட்டும் வாறேல்லை. முழு வீட்டுக்கும் வருது. குசினிக்கும் வருது, மோட்டருக்கும் வருது, மின்விசிறிக்கு முன்னாலை இருக்கிற மனிசருக்கும் வருது. காருக்கு மலிவான நேரம் கிடைக்கிற அதே நாளிலை, அந்த வீட்டிலை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையிலை ஒரு விலையான நேரமும் வந்து சேரும். அந்த நேரத்திலை அவை என்ன செய்யினம் எண்டு தெரியாமல் மாத்தினா என்ன நடக்கும் எண்டு உனக்குச் சொல்லப்போறன். இது நான் உனக்கு மறைச்ச கதை.

அப்பாவின்ரை தோள் எலும்பு முறிஞ்சது மழையிலை சறுக்கி எண்டு உனக்குப் போனிலை சொன்னனான் எல்லோ. நீ அப்ப வவுனியாவிலை கடைசி வருசம் படிச்சுக்கொண்டிருந்தனி. அது பொய். அண்டைக்கு மழையும் இல்லை.

அந்த வருசம்தான் நான் எங்கடை மீற்றரை மாத்தினனான். அப்பாவிட்டைக் கேட்டனான் எண்டு சொல்லுவன், ஆனா அது கேள்வி இல்லை. போமை நீட்டி "உதிலை ஒரு சைன் வையுங்கோ" எண்டன், அவர் என்ன ஏதெண்டு பாக்காமல் வைச்சார், ஏனெண்டா அவருக்கு நான் நல்லாப் படிச்சுப்போட்டுத்தான் செய்வன் எண்ட நம்பிக்கை. பிறகு நான் ஒரு அட்டை எடுத்து மூண்டு நிறத்திலை நேரம் கீறி பிறிஜ்ஜிலை ஒட்டினன். சிவப்பு, அதுதான் உச்ச விலை நேரத்திலை நான் வீட்டுக்குள்ளை பொலிஸ் மாதிரித் திரிஞ்சன். ஆர் லைற் போட்டது, ஆர் அயன் போட்டது. ஒருநாள் அப்பா கதிரையிலை சாய்ஞ்சிருக்க, அவருக்கு மேலை சுத்தின விசிறியையே நிப்பாட்டினன். அவர் என்னைப் பாத்து, "மூச்சு விடுறதுக்கும் இப்ப விலை கூடவோ" எண்டார். நான் சிரிச்சன். பகிடி எண்டு நினைச்சன்.

அப்பா முழங்கால் நோவிலை பேக்கரி வேலையை விட்டாப் பிறகு, பின்பத்தியிலை பேக்கரி அடுப்பு மாதிரி ஒரு சின்னக் கறண்ட் போறணை வைச்சுப் பணிஸ் போட்டுக்கொண்டிருந்தவர் எல்லோ. பின்னேரம் மாக் குழைச்சு, ஏழு மணிக்குப் போறணையை மூட்டினா ஒன்பதுக்கு முடியும். படுத்து எழும்பி, விடியக் கோப்பாய்ப் பக்கம் உள்ள தேத்தண்ணிக் கடையளுக்கு மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய்க் குடுப்பார். ஏழிலை இருந்து ஒன்பது. சரியாச் சிவப்புக்கு நடுவிலை. நான் அட்டையைக் காட்டி, "இனிப் போறணையைப் பத்தரைக்குப் பிறகு போடுங்கோ" எண்டன். அவர் "ஓம்" எண்டார்.

அந்த "ஓம்" ஐப் பற்றித்தான் தம்பி நான் இந்தக் கடிதமே எழுதுறன். ஏன் எண்டு அவர் கேக்கேல்லை, ஏலாது எண்டும் சொல்லேல்லை. மாக் குழைக்கிற நேரத்தைப் பிந்திவிட்டார். பத்தரை வரைக்கும் நித்திரை கொள்ளாமல் காத்திருந்து, பத்தரைக்குப் போறணையை மூட்டி, முடிச்சுக் கழுவிப் படுக்க ஒண்டு ஒண்டரை. நாலரைக்கு எழும்பி ஓட்டம். ரெண்டு மாசம் அப்பிடிச் செய்தார். நான் குறட்டை விட்டு நித்திரை கொண்டன். மாச முடிவிலை பில் வந்துது. முந்தின மாசத்தை விடக் குறைவு. நான் அதைப் படம் எடுத்து எங்கடை குழுவிலை போட்டு, "பத்தரை மணி ராணி" எண்டு தலைப்பும் வைச்சன். ஒரே லைக். "அக்கா எப்பிடி உப்பிடிக் குறைச்சனீங்கள்" எண்டு எத்தினை பேர் கேட்டவை. நான் ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் எழுதினன். அந்தப் பில்லிலை குறைஞ்சது கறண்ட் மட்டும் இல்லை, என்ரை மனிசன்ரை நித்திரையும்தான் எண்டு எனக்கு அப்ப தெரியாது.

பிறகு ஒரு காலமை, கோப்பாய்க்குப் போற வழியிலை, வாய்க்கால் மதவுக்குப் பக்கத்திலை, ஓடிக்கொண்டிருக்கிற மோட்டச்சைக்கிளிலை அவர் கண் அயந்துபோனார். அவ்வளவுதான். ஒரு செக்கன். பால் எடுக்கப் போன ஒரு அண்ணை கண்டு தூக்கினவர். எனக்குப் போன் வந்து நான் காரை எடுத்துக்கொண்டு பறந்து போனா, றோட்டு முழுக்கப் பணிஸ். நாலு நாய் திண்டுகொண்டு நிக்குது. மனிசன் மதவிலை ஒரு கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்து, "உவங்களுக்கு இண்டைக்கு நல்ல சாப்பாடு" எண்டார். ஆசுப்பத்திரியிலை டொக்ரர், "ஐயா எத்தினை மணிக்குப் படுக்கிறனீங்கள்?" எண்டு கேட்டார். அப்பா என்னைப் பாக்காமல் சுவரிலை இருந்த மணிக்கூட்டைப் பாத்தார். நான்தான் வாய் திறந்து, "ஒண்டரைக்கு" எண்டன்.

வீட்டை வந்து, கையைத் துணியிலை தூக்கிக் கட்டிக்கொண்டு இருந்த மனிசனுக்குப் பக்கத்திலை இருந்து, நான் முதல் நாளே செய்திருக்கவேண்டியதை அப்பத்தான் செய்தன். ஒரு கொப்பி எடுத்தன். விடிய அஞ்சரைக்கு ஒருக்கா, பின்னேரம் ஆறரைக்கு ஒருக்கா, பத்தரைக்கு ஒருக்கா மீற்றரிலை ஓடின இலக்கத்தை எழுதினன். ஒரு கிழமை. கை கொஞ்சம் தேறி அவர் போறணைக்குத் திரும்பினாப் பிறகு இன்னொரு கிழமை. அப்பதான் தெரிஞ்சுது, காரை மட்டும் பத்தரைக்குப் பிறகு கொளுவினாலே வாற இலாபத்திலை கூடின பங்கு வந்திடுது. கார் குடிக்கிறது கிணத்துவாளி எண்டா போறணை குடிக்கிறது செம்பு. அந்தச் செம்புத் தண்ணியை மிச்சம் பிடிக்கத்தான் நான் ஒரு மனிசனை ரெண்டு மாசம் முழிக்க வைச்சனான். அந்த நேரம் ஏன் மலிவு எண்டு யோசிச்சுப் பார் தம்பி. மனிசர் எல்லாரும் படுத்திருக்கினம், அதாலைதான் மலிவு. காருக்கு நித்திரை தேவையில்லை. அதை அந்த நேரத்துக்குத் தள்ளு. மோட்டரைத் தள்ளு, உடுப்புத் தோய்க்கிற மெசினைத் தள்ளு. மனிசரைத் தள்ளாதை.

நான் அழுதன், அது வேறை கதை. அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ? "நான் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போறணையை மூட்டினா என்ன? பகல் விலைதானே. நாலரைக்குச் சூடாக் கடையிலை இருக்கும், பின்னேரத் தேத்தண்ணிக்குச் சனம் வாற நேரம்." "உதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?" எண்டன். "நீ கேக்கேல்லையே" எண்டார். "நீ நேரத்தைச் சொன்னனி. எனக்கு எந்த நேரம் வசதி எண்டு கேக்கேல்லை." கோவமாச் சொல்லேல்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார். இண்டைக்கு உரும்பிராய்ச் சந்தியிலை நாலரைக்கு அந்தப் பணிசுக்குச் சனம் நிக்கிறதை நீ கண்டிருக்கிறாய். அது என்ரை அட்டையிலை இருந்து வந்த ஐடியா இல்லை. அந்த அட்டையை நான் கிழிச்சுப்போட்டன்.

இப்ப நேற்றுக்கு வாறன்.

நீ எனக்குச் சொன்னது, "அந்த வீட்டிலை மாமியும் நிறோவும்தானே அம்மா, பின்னேரத்திலை ரெண்டு லைற்றும் ஒரு ரீவியும்தான் ஓடும், உச்ச விலை வந்தாலும் பிரச்சினை இல்லை." நீ எத்தினை தரம் அந்த வீட்டுக்குப் போயிருப்பாய்? பத்துத் தரம்? பத்துத் தரமும் முன்னறையிலை நல்ல கதிரையிலை உன்னை இருத்தி, பலகாரம் வைச்சு, விசிறியை உன்ரை பக்கம் திருப்பிவிட்டவை. நேற்று நான் சொல்லாமல் கொள்ளாமல் பின்னேரம் கொஞ்சம் வெள்ளனப் போனன். ஆறரை. முன்னறை முழுக்கச் சாறி. கதிரையிலை சாறி, கட்டிலிலை சாறி, கயித்திலை சாறி. நடுவிலை ஒரு நீட்டு மேசை, மேசையிலை கம்பளி விரிச்சு, மாமி அயன் பெட்டியோடை நிக்கிறா. கலியாண வீட்டுக்குப் போற பொம்பிளையளுக்குப் பிளீட் எடுத்து, அயன் பண்ணி, அப்பிடியே இடுப்பிலை செருகிக் கட்டுற மாதிரி மடிச்சுக் குடுக்கிறா. நீ "மாமி சாறி ஏதோ மடிக்கிறவ" எண்டு சொன்னதை நான் பொழுதுபோக்கு எண்டெல்லோ நினைச்சிருந்தன். இது பொழுதுபோக்கு இல்லை தம்பி, அந்த வீட்டு அடுப்பு இதிலைதான் எரியுது. ஆறரையிலை இருந்து ஒன்பதரை வரைக்கும் அந்த அயன் பெட்டி ஓயாது. அயன் பெட்டி எவ்வளவு குடிக்கும் எண்டு நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ வாற நாளிலை எல்லாம் அதை நிப்பாட்டி, சாறி முழுக்க அறைக்குள்ளை ஒதுக்கிப்போட்டுத்தான் உனக்குத் தேத்தண்ணி ஊத்தினவை. அதுதான் உன்ரை கணக்கிலை அயன் பெட்டி இல்லை. மருமகனுக்கு மறைச்சு வைச்ச சாமானை நீ எப்பிடி எண்ணுறது.

"ஐயோ சம்பந்தி, ஒரு போன் அடிச்சிருந்தா ஒதுக்கியிருப்பன், வீடு கிடக்கிற கிடையைப் பாருங்கோ" எண்டு அவ பதறினா. நான் கதிரையிலை கிடந்த சாறியைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டு அதிலை இருந்தன். "நீங்கள் வேலையைப் பாருங்கோ, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" எண்டன். போம் என்ரை பையிலை. எடுக்கலாம் எண்டு கையை விட்டன். அப்ப அவ தானாக் கேட்டா, "சம்பந்தி, தம்பியின்ரை காருக்கு ஏதோ நேரக் கணக்கு இருக்காமே. நிறோ சொன்னவள். பின்னேரத்திலை அயன் போட்டாக் கூடாதாமோ?" நான் வாய் திறக்க முதல் அவ சிரிச்சுக்கொண்டு, "பறவாயில்லை. நான் நிப்பாட்டிடுவன். இல்லாட்டிப் பத்தரைக்குப் பிறகு போடுறன். தம்பி வசதியா இருந்தாச் சரி" எண்டா.

அதே "ஓம்". அப்பாவின்ரை "ஓம்". நான் பையிலை இருந்து கையை வெறுங்கையா எடுத்தன். விளங்குதோ உனக்கு? நீ அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. நீ ஒரு போமை நீட்டினா அவ சைன் வைப்பா. வீட்டுக் கூரையைக் கழட்டவேணும் எண்டு போம் நீட்டினாலும் வைப்பா. உன்ரை பென்சில் புள்ளடிக்கு மேலை விழுற கையெழுத்து சம்மதம் இல்லை தம்பி, மரியாதை. மரியாதையைச் சம்மதம் எண்டு நினைச்சு மீற்றரை மாத்தினா, அம்பத்தெட்டு வயசிலை அந்த மனிசி நடுச்சாமத்திலை அயன் பெட்டியோடை நிப்பா. நீ பத்தரைக்குக் காரைக் கொளுவிப்போட்டு நல்லா நித்திரை கொள்ளுவாய், நான் கொண்ட மாதிரி.

அப்ப மீற்றரை மாத்தாமல் விடுறதோ எண்டு கேப்பாய். அதுவும் நியாயம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். பழைய மீற்றரிலை உன்ரை காரைக் கொளுவினா யூனிட் கூடிப் படி ஏறும், மாமியின்ரை அயன் பெட்டி ஓடுற யூனிட்டுக்கும் மேல்படி விலை விழும். கார் அந்த வீட்டுக்குள்ளை வாற நாளிலையே அவவின்ரை பில் மாறப்போகுது. அதாலை சும்மா இருந்தாலும் பாரம் அவவிலைதான். இதிலை ஆருக்கும் நோகாத வழி ஒண்டு தானா வராது, இருந்து கதைச்சுத்தான் கண்டுபிடிக்கோணும். முதல் மாசம் ஒண்டையும் மாத்தாதை. காரைப் பத்தரைக்குப் பிறகு கொளுவிப் பழகு, கூடி வாற பில்லை நீ கட்டு, கேக்காமல் கட்டு. நான் எழுதின மாதிரி அஞ்சரை, ஆறரை, பத்தரை இலக்கத்தை நிறோவோடை சேர்ந்து எழுது. காருக்குள்ளையே நேரம் போட்டு விடலாம்தானே, அப்பிடி விடு. கடையிலை விக்கிற சுத்துற ரைமரை நம்பாதை, கறண்ட் போன நேரம் அதுவும் நிண்டிடும், மூண்டு மணித்தியாலம் கறண்ட் நிண்டா மூண்டு மணித்தியாலம் பிந்தி ஓடும். நான் ஒருக்கா விடிய எழும்பிப் பாத்தா பற்றரி பாதிதான், பள்ளிக்கூடப் பிள்ளையள் ஒழுங்கையிலை நிக்குதுகள். காருக்கெண்டு தனியா ஒரு இணைப்பு எடுக்க ஏலுமோ எண்டும் கந்தோரிலை விசாரி. எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரிச் சொல்லமாட்டன். இதெல்லாத்தையும் கையிலை வைச்சுக்கொண்டு, மூண்டு பேருமா மேசையிலை இருங்கோ. இலாபமா வந்தா அவவுக்கு எந்த நேரம் வசதி எண்டு அவ சொல்லட்டும். அப்பாவுக்கு ரெண்டு மணி வந்த மாதிரி அவவுக்கும் ஒரு நேரம் வரும். வராட்டிலும் பறவாயில்லை, நாலு மணித்தியாலம் உச்ச விலை குடுத்தாலும் காராலை வாற மிச்சம் அதைத் தாங்குமோ எண்டு கொப்பி சொல்லும். தாங்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். போம் என்னட்டை இருக்கட்டும். கலியாணம் முடிஞ்சு நாலாம் சடங்குக்கு வரேக்கை தாறன், பென்சில் புள்ளடியை நான் அழிச்சுப்போட்டன்.

கடைசியா ஒண்டு. நேற்று வெளிக்கிட முதல் நான் மாமியிட்டை, அப்பாவிட்டைக் கேக்காமல் விட்ட கேள்வியைக் கேட்டன். "ஏன் சம்பந்தி பின்னேரத்திலை செய்யிறனீங்கள்? பகல் முழுக்க வீட்டிலைதானே நிக்கிறியள்." அவ அயன் பெட்டியை நிமித்தி வைச்சா. "சாறிக்கு ரெண்டு பேர் வேணும்" எண்டா. "ஆறு யார் துணி. ஒருத்தர் ஒரு முனையை இழுத்துப் பிடிக்கோணும். இவள் ஆறு மணிக்குத்தானே வேலையாலை வாறவள்." பிறகு குரலைத் தணிச்சு, "கை வேலை செய்யும், வாய் கதைக்கும். உங்கடை மகனைப் பற்றி எனக்கு முதன்முதல் சொன்னதும் இந்த மேசைக்கு அங்காலை நிண்டுதான். ஒரு மஞ்சள் சாறி. என்ரை முகத்தைப் பாக்கப் பயத்திலை சாறிக் கரையைப் பாத்துப் பாத்துச் சொன்னவள்" எண்டா. உள்ளுக்கை தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட நிறோ, "அம்மா, உதெல்லாம் ஏன் சொல்லுறியள்" எண்டு கத்தினாள். மாமி சிரிச்சா. சிரிச்சுப்போட்டு, "கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கு எங்கை நேரம். அதுதான் நானே நிப்பாட்டலாம் எண்டு யோசிச்சனான்" எண்டா.

பாத்தியோ, நீ கணக்குப் போட்ட ரெண்டு லைற்றுக்கும் ஒரு ரீவிக்கும் கீழை என்ன நடக்குது எண்டு.

அதாலை நான் சொல்லுறதைச் செய். கலியாணம் முடிஞ்சு, ஆக்கள் கலைஞ்சு, வீடு பழையபடி வீடான முதல் பின்னேரம், ஆறரைக்குச் சேட்டுக் கையை மடிச்சுவிட்டுக்கொண்டு அந்த மேசையடிக்குப் போ. மாமி "ஐயோ தம்பி, நீங்கள் போய் இருங்கோ" எண்டுவா. இருக்காதை. நிறோ சிரிப்பாள். சிரிக்கட்டும். நீ மற்ற முனையைப் பிடி. இறுக்கி இழுத்தாக் கரை சுருங்கும், தளர விட்டாப் பிளீட் கலையும், ரெண்டு நாள் மாமி உனக்கு ஒண்டும் சொல்லமாட்டா, பிழையாப் பிடிச்சாலும் "வடிவாப் பிடிக்கிறியள்" எண்டுவா. விடாமல் போ. எத்தினை நாள் எடுக்குமோ தெரியாது. ஒருநாள் அவ உன்ரை கையைப் பாத்து, "அப்பிடி இல்லை தம்பி, உப்பிடிப் பிடிச்சா ஏலாது, விடும், திருப்பிப் பிடியும்" எண்டு சொல்லுவா.

அண்டைக்குப் போமை எடுத்து மேசையிலை வை. உன்னைப் பாத்து "ஏலாது" எண்டு சொல்ல அவவுக்கு வந்திட்டுது. இனி அவ ஓம் எண்டா, அது ஓம்தான்.

அடுத்த அறையிலை இருந்து,
அம்மா